திறந்த மூலத் திட்டத்தில் பொறுப்பேற்பவர் நலமுரணை அறிவிப்பது எவ்வாறு?

கொழும்பின் மென்பொருள் வட்டம் சிறியது. ஒரே பட்சில் படித்தவர்கள் பகலில் வெவ்வேறு நிறுவனங்களில் பணிபுரிந்துவிட்டு, இரவில், நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரே திறந்த மூலத் திட்டத்துக்குத் தொண்டாற்றுகிறார்கள். ஆகவே இங்கு நலமுரண், அதாவது திட்டத்தின் நலனும் ஒருவரின் சொந்த நலனும் மோதும் நிலை, எழுவது இயல்பே. அதை மறைப்பதுதான் தவறு.

முதலில், உங்கள் தொழில்தருநர், பகுதிநேர வாடிக்கையாளர்கள், உங்களிடமுள்ள பங்குகள், அதே திட்டத்தில் ஈடுபட்டுள்ள உறவினர்கள் ஆகிய விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். சம்பளமில்லாத பதவிதானே என்று இதைத் தவிர்க்க வேண்டாம்; எந்த நிரலை ஏற்பது, நன்கொடையை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அப்பதவிக்கும் உண்டு.

அடுத்து, திட்டத்தின் ஆளுகை விதிகளை வாசியுங்கள். பைதன் நிரலாக்க மொழியின் வழிநடத்தும் குழுவிலுள்ள 5 பேரில், ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் 2 பேருக்கு மேல் இருக்க முடியாது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையில் எவரும் தனிநபராகவே பங்கேற்கிறார், நிறுவனத்தின் பிரதிநிதியாக அல்ல. உங்கள் திட்டத்தில் எழுதப்பட்ட விதி இல்லையெனில் ஒன்றை முன்மொழியுங்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய சஹானாவைப் போன்ற மென்பொருள்களை நம்பி அனர்த்த நிவாரணப் பணிகளே நடைபெறுவதால், சிறிய திட்டத்துக்கு விதி எதற்கு என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவதாக, விவாதம் தொடங்குமுன்பே எல்லோரும் பார்க்கும் இடத்தில் அறிவியுங்கள். “இந்த மாற்றத்தைக் கோருவது நான் பணிபுரியும் நிறுவனம், எனவே முடிவெடுப்பதில் நான் பங்கேற்கமாட்டேன்” என்ற அளவே போதும். இரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால், தொடர்பு உண்டு என்று மட்டும் கூறி விலகலாம்.

விலகுவதுதான் கடினமான படி. வாக்களிக்காமல் இருப்பது மட்டும் விலகல் ஆகாது. உங்கள் நிறுவனத்தின் நிரலை நீங்களே இணைக்கக் கூடாது. நிரலை ஏற்கும் பொறுப்புள்ள மற்றொரு பராமரிப்பாளருக்குத் தனியே அழைப்பெடுத்து, “மச்சான், அதைக் கொஞ்சம் பார்த்து விடு” என்று கேட்கவும் கூடாது. நட்பு நெருக்கமான நம் சூழலில் இந்த ஒரு வேண்டுகோளே முழு நடைமுறையையும் பயனற்றதாக்கிவிடும். தொழில்நுட்பக் கேள்விகள் கேட்கப்பட்டால், பொதுவில் பதிலளிக்கலாம். பராமரிப்பாளர்கள் இருவர் மட்டுமே உள்ள திட்டமெனில், தாமதமானாலும் வெளியிலிருந்து ஒருவரை மீளாய்வுக்கு அழையுங்கள். யார், எந்த விடயத்தில் விலகினார் என்பதைக் கூட்டறிக்கையில் பதியுங்கள்.

வேலை மாறும்போது, புதிய நிறுவனத்தில் சேரும் நாள்வரை காத்திராமல், நியமனக் கடிதத்தை ஏற்றவுடனேயே உங்கள் அறிவிப்பைத் திருத்துங்கள்.