ஆத்தங்குடிக் கல்லுக்கு எதற்கு ஆசிட்?

செட்டிநாட்டு வீடுகளைப் படம் பிடித்துப் போய், அதே சாயலில் புதுவீடு கட்டும் இளம் வடிவமைப்பாளர்கள் பெருகிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் சாயலை எடுக்கிறவர்கள் செய்முறையை விட்டுவிடுகிறார்கள். மட்டம் பிசகுவது, கலவை குறைவது போன்றவற்றைக் கொத்தனாரே திட்டித் திருத்திவிடுவார். அவரால் திருத்த முடியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆசிட் ஊற்றுவது

கானாடுகாத்தான் பக்கம் ஒரு புதுவீடு. கூடத்தில் பதித்திருந்தது ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமென்ட் டைல். பால் காய்ச்சுவதற்கு முந்தைய நாள், கூடத்தில் சிந்திக் கிடந்த சிமென்ட் பொட்டுகளைப் போக்க ஆட்கள் ஆசிட்டை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தரை நுரைத்தது. கழுவிவிட்டுப் பார்த்தால் சிவப்பெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது. "எல்லா டைலுக்கும் இப்படித்தானே சார் செய்வோம்?" என்றார் வடிவமைப்பாளர். இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

எல்லா டைலும் ஒன்றா? கடையில் வாங்கும் டைல் சூளையில் வெந்தது, ஆசிட்டைத் தாங்கும். ஆத்தங்குடிக் கல் நெருப்பையே பார்க்காதது. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, நிறத்துக்கு ஆக்சைடு கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த மணலும் சிமென்டும் தூவுகிறார்கள். அதன்மேல் கலவையை வைத்து அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறல். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்புக் கல்லில் நின்றுவிடுகிறது. அந்தப் பளபளப்பு வேறு எங்கிருந்தும் வருவதில்லை. மேலே சிந்திய பொட்டும் சிமென்ட், கல்லும் சிமென்ட். எதைத் தின்பது, எதை விடுவது என்று ஆசிட்டுக்குத் தெரியாது.

சூளை இல்லை, விறகு இல்லை என்று சுற்றுச்சூழல் பெருமை பேசுகிறோம். நியாயம்தான், ஆனால் இதிலும் சிமென்ட் இருக்கிறது. தாத்தா காலத்துக் கல் பேரன் காலிலும் வழுக்குவதால்தான் அந்தப் பெருமைக்கு அர்த்தம். ஆசிட்டில் கெடுத்து, ஐந்தாம் வருடம் பெயர்த்துப் போட்டால் கணக்கு நஷ்டம்.

செய்ய வேண்டியது எளிது. சுவர் வேலை, பெயின்ட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கல்லைப் பதியுங்கள். சிந்தும் கலவையை ஈரம் காயும் முன்பே துணியால் துடைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். நன்றாகக் காய்ந்தபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். மீதியை நடமாட்டம் பார்த்துக்கொள்ளும்.

முற்றத்துக்குக் கண்ணாடி மூடி

வேண்டாம். வெக்கை மேலே போக வழியில்லாமல், கீழே ஏசி ஓடும்.

பழைய தூணை வாங்கி நட்டுவைப்பது

செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. அதற்குப் பிறகும் வீடுகளைப் பிரித்து விற்பது நிற்கவில்லை. எதையும் தாங்காமல் அழகுக்கு நிற்கும் ஒரு பர்மா தேக்குத் தூணுக்காக எங்கோ ஒரு பழைய வீட்டின் வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி) சரிந்திருக்கும். இங்கே நல்ல தச்சர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் ஒட்டு

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு இது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைக்கும். உப்புப் பூத்து, பக்கத்தில் இருக்கும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பால்தான் ஒட்டுப் போட வேண்டும்.

கல்லை எண்ணி வாங்குவது

கைவேலை, அடுத்த முறை கலக்கும் சிவப்பு இதே சிவப்பாக இருக்காது. உபரியாக வாங்கிப் பரணில் போட்டு வையுங்கள்.