உங்க பிறந்தநாளை மாயா காலண்டர்ல நீங்களே கணக்கு போடுறது எப்படி

மத்திய அமெரிக்காவுல இருக்கிற மாயா மக்களோட காலண்டர்னு சொன்னதுமே 2012ல உலகம் அழியப்போகுதுன்னு கிளப்பி விட்ட கதைதான் நிறைய பேருக்கு ஞாபகம் வருது, எனக்கு அது ரொம்பவே வருத்தம். ஏன்னா அந்த காலண்டரை ஒரு தடவை பேப்பர் பேனா வச்சு கையால கணக்கு போட்டு பாத்தா, வானமும் அவங்க புராணமும் அந்த எண்ணுக்குள்ளயே உக்காந்திருக்கிறது தெரியும். கன்வெர்ட்டர்ல தேதியை தட்டினா ஒரு செகண்ட்ல விடை வந்துடும்தான், ஆனா இது எதுவும் கண்ணுல படாது.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, மாயா காலண்டர்னு ஒண்ணு மட்டும் கிடையாது, ஒரே நாளுக்கு மூணு கணக்கு சேர்ந்து ஓடும். சோல்கின்னு ஒண்ணு, 260 நாள் சுத்து. 1 முதல் 13 வரை எண் ஒரு பக்கம், 20 நாள் பேர் இன்னொரு பக்கம், தினம் ரெண்டும் ஒவ்வொரு படி நகரும். நம்ம பஞ்சாங்கத்துல கிழமையும் நட்சத்திரமும் தனித்தனியா ஓடுற மாதிரின்னு வச்சுக்கங்க. அடுத்தது ஹாப், 365 நாள், 20 நாள் மாசம் 18, கடைசியா வயெப்னு ஆகாத நாள் 5. இந்த ரெண்டும் சேர்ந்து அதே ஜோடி திரும்ப வர 18,980 நாள், கிட்டத்தட்ட 52 வருஷம். அதுக்கு மேல நீளமா எண்ணணும்னா நீள் எண்ணிக்கை. அதுல 1 நாள் ஒரு கின், 20 கின் ஒரு வினல், 18 வினல் ஒரு துன் (360 நாள்), 20 துன் ஒரு கதுன் (7,200 நாள்), 20 கதுன் ஒரு பக்துன் (1,44,000 நாள்). அந்த 18ஐ கவனிங்க, எல்லாம் இருபது இருபதா போறப்ப இந்த ஒரு இடத்துல மட்டும் 18, பாதி பேர் தப்பு பண்றது இங்கதான்.

இப்ப கணக்கு. பக்துன்ல இருந்து கின் வரைக்கும் புள்ளி வச்சு வரிசையா எழுதினா 2012 டிசம்பர் 21ங்கிறது 13.0.0.0.0, அதாவது ஆரம்ப நாள்ல இருந்து 18,72,000 நாள். இதை நங்கூரமா வச்சுக்கங்க. ஸ்ப்ரெட்ஷீட்ல உங்க தேதிக்கும் 2012 டிசம்பர் 21க்கும் நடுவுல எத்தனை நாள்னு கழிச்சு பாருங்க, அதுக்கு முன்னாடி பிறந்திருந்தா 18,72,000ல இருந்து கழிக்கணும், அப்புறம் பிறந்திருந்தா கூட்டணும்.

உதாரணத்துக்கு மனுஷன் நிலாவுல இறங்கின 1969 ஜூலை 20 எடுத்துக்கலாம். நடுவுல 15,860 நாள், கழிச்சா 18,56,140. இதை 1,44,000ஆல வகுத்தா 12, மீதி 1,28,140. அதை 7,200ஆல வகுத்தா 17, மீதி 5,740. 360ஆல வகுத்தா 15, மீதி 340. 20ஆல வகுத்தா 17, மீதி 0. ஆக 12.17.15.17.0.

நாள் பேர் கண்டுபிடிக்க கடைசி எண்ணை பாத்தா போதும். 1ல இருந்து வரிசை இப்படி: இமிஷ், இக், அக்பால், கான், சிக்சான், கிமி, மனிக், லமத், முலுக், ஓக், சுவென், எப், பென், இஷ், மென், கிப், கபன், எட்ஸ்நாப், கவக். 0 வந்தா அஹாவ். எண்ணுக்கு மொத்த நாளை 13ஆல வகுத்து வர்ற மீதியோட 4 கூட்டுங்க, 13ஐ தாண்டினா 13 கழிங்க. நம்ம உதாரணத்துல மீதி 0, அதனால 4 அஹாவ். நான் முதல் தடவை இதை போட்டப்ப அப்படியே உக்காந்துட்டேன், ஏன்னா மாயா கணக்குல இந்த உலகம் தொடங்கின நாளும் 4 அஹாவ்தான். தற்செயல்தான், 260ல ஒரு வாய்ப்பு, இருந்தாலும் சிலிர்த்துச்சு.

ஹாப்புக்கு மொத்த நாளை 365ஆல வகுத்து வர்ற மீதியோட 348 கூட்டுங்க, 365 அல்லது அதுக்கு மேல வந்தா 365 கழிச்சிடுங்க, அப்புறம் 20ஆல வகுங்க. இங்க மீதி 115, கூட்டி கழிச்சா 98, அது 4 மாசமும் 18 நாளும். மாசங்கள் பொப், வோ, சிப், சொட்ஸ், செக், ஷுல், யஷ்கின், மோல், சென், யஷ், சக், கெஹ், மக், கான்கின், முவன், பஷ், கயாப், கும்கு, கடைசியா வயெப். 4 மாசம் முடிஞ்சாச்சு, நடக்கிறது அஞ்சாவது, ஆக 18 செக். மாசத்தோட முதல் நாளுக்கு எண் 0, அதனால ஒண்ணு கூட்டிடாதீங்க.

உங்க நாள் பேர் கிடைச்சதும் அப்படியே விட்டுடாதீங்க, கதை அங்கதான் இருக்கு. குவாத்தமாலாவுல இருக்கிற கிச்சே மாயாக்களோட புராண நூலான போபொல் வூல இரட்டை பசங்க ஹுனாபுவும் ஷ்பலான்கேயும் ஷிபல்பாங்கிற பாதாளத்துக்கு போய் மரண தேவர்களோட பந்து ஆடுவாங்க, செத்து, எலும்பை அரைச்சு ஆத்துல போட்ட அப்புறமும் அஞ்சாம் நாள் திரும்பி வருவாங்க, கடைசியில சூரியனும் நிலாவுமா வானத்துக்கு ஏறுவாங்க. இதுல ஹுனாபுங்கிறது 1 அஹாவ் நாளோட கிச்சே பேர். எதிரிங்க ஹுன் கமே, வுகுப் கமே, அதாவது 1 கிமி, 7 கிமி, கிமின்னா சாவு. பொறாமை புடிச்ச அண்ணன்களை இரட்டை பசங்க குரங்கா மாத்துவாங்க, அந்த ஹுன் பாட்ஸ், ஹுன் சோவென் ரெண்டு பேருமே சுவென் நாள்தான். இப்படி நிறைய பாத்திரங்க பேர் காலண்டர்ல இருந்தே வருது.

வானம் எங்க வருதுன்னா வெள்ளி கிரகத்துல. ஜெர்மனியில ட்ரெஸ்டன் நகரத்துல இருக்கிற மாயா சுவடியில, அதாவது ட்ரெஸ்டன் சுவடியில, வெள்ளிக்கு ஒரு அட்டவணை இருக்கு, விடிவெள்ளியா 236 நாள், மறைவு 90, அந்தி வெள்ளியா 250, திரும்ப மறைவு 8, மொத்தம் 584. நிஜ சராசரி 583.92. அந்த 8 நாள் மறைவு வானத்தோட நல்லா ஒத்துப்போகுது, மத்தது அப்படி இல்ல, ஆனா 236 நாள் கிட்டத்தட்ட சரியா 8 நிலா மாசம். 584ஐ 20ஆல வகுத்தா மீதி 4, அதனால வெள்ளி திரும்ப உதிக்கிற நாள் அஹாவ், கான், லமத், எப், கிப் இந்த அஞ்சுல ஒண்ணுதான். 65 சுத்து, அதாவது 37,960 நாள் முடிஞ்சா திரும்ப 1 அஹாவ்ல வந்து நிக்கும், ஹுனாபுவோட நாள்! பாதாளத்துக்கு போய் திரும்பி வர்ற கதையையும் மறைஞ்சு உதிக்கிற வெள்ளியையும் பக்கத்துல வச்சு பாருங்க.

ஆரம்ப நாள் கிமு 3114 ஆகஸ்ட் 11. குவாத்தமாலாவுல கிரிகுவாவுல இருக்கிற ஒரு கல்தூண்ல அன்னிக்கு மூணு கல்லை நட்டாங்கன்னு செதுக்கியிருக்கு, அது அடுப்புக்கல். இன்னிக்கும் கிச்சே மக்கள் ஓரியன் நட்சத்திரக் கூட்டத்துல அல்நிதாக், சைஃப், ரிஜெல் மூணையும் அடுப்புக்கல்லா பாக்கறாங்க.

2012 பயத்துக்கு பதில் மாயாக்களே எழுதி வச்சிருக்காங்க, மெக்சிகோவுல பலென்கேங்கிற பழைய மாயா நகரத்து கல்வெட்டு ஒண்ணுல கிபி 4772ல வர்ற ஒரு நாளை பத்தி பேசறாங்க. 13வது பக்துன் முடிஞ்சா அடுத்தது ஓடும், அவ்வளவுதான். 1562ல மானிங்கிற ஊர்ல தியேகோ தெ லாந்தாங்கிற ஸ்பானிஷ் பாதிரியார் மாயா சுவடிகளை கொளுத்தினார், இன்னிக்கு நாலே நாலு சுவடிதான் மிச்சம், அதுல ஒண்ணு ட்ரெஸ்டன் நூலகத்துல இருந்ததாலதான் அங்க நூலகரா இருந்த எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் 1880கள்ல இந்த கணக்கை அவிழ்க்க முடிஞ்சுது. எரிஞ்சு போனதுல என்னென்ன இருந்திருக்கும்னு நினைச்சா மனசு ஆறவே மாட்டேங்குது.

கல்வெட்டு படம் கிடைச்சா படிக்கவும் முயற்சி பண்ணுங்க, புள்ளி 1, கோடு 5, சிப்பி மாதிரி இருந்தா 0, பெரும்பாலும் ரெண்டு ரெண்டு பத்தியா இடமிருந்து வலம், அப்புறம் கீழ. பழகறதுக்கு குவாத்தமாலாவுல திகால்ங்கிற பழைய மாயா நகரத்தோட 29ம் கல்தூண் தேதி 8.12.14.8.15ஐ எடுத்துக்கங்க, கிபி 292. 13 மென் 3 சிப் வந்தா உங்க கணக்கு சரி.

கடைசியா உங்க விடையை ஒரு சோதனை பண்ணிக்கங்க. குவாத்தமாலா மலைப்பகுதியில மொமோஸ்தெனாங்கோ மாதிரி ஊர்கள்ல அஹ்கிஹ்னு சொல்ற நாள் காப்பவங்க இன்னிக்கும் 260 நாளை விடாம எண்ணிக்கிட்டு இருக்காங்க, 8 பாட்ஸ் அன்னிக்கு பெரிய சடங்கு நடக்கும். பாட்ஸ்னா நம்ம பட்டியல்ல இருக்கிற சுவென். நீங்க போட்ட 8 சுவென் அவங்களோட 8 பாட்ஸ் அன்னிக்கே விழணும். ரெண்டு நாள் தள்ளி வந்தா பயப்பட வேணாம், சில ஆய்வாளர்கள் ஆரம்ப நாளை ஆகஸ்ட் 13னு வச்சு எண்ணுவாங்க, அந்த கணக்குப்படி நீங்க நங்கூரத்தை டிசம்பர் 21ல இருந்து ரெண்டு நாள் தள்ளி வச்சிருப்பீங்க.