தண்டுவடக் காயத்துக்குப் பின்: வீட்டிலேயே கதீட்டர் விட்டுச் சிறுநீர் எடுக்கும் முறை

தண்டுவடம் அடிபட்டவர்களின் உயிரை ஒரு காலத்தில் அதிகம் பறித்தது சிறுநீரகச் செயலிழப்புதான். சிறுநீர்ப்பை நிரம்பியது தெரியாது. தெரிந்தாலும் முழுதாகக் காலியாகாது. தேங்கும் நீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன், நேரத்துக்கு நேரம் கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் விடும் மெல்லிய குழாய்) விட்டுச் சிறுநீர் எடுக்கும் முறையை முழுக் கிருமிநீக்கத்தோடு செய்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சிறுநீரியல் மருத்துவர் ஜாக் லாபிடஸ். பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் சுவரில் ரத்த ஓட்டம் குறைகிறது, தொற்றுக்கு வழிவிடுவது அதுதான் என்று 1972-இல் அவர் வாதிட்டார். ஆகவே சோப்புப் போட்டுக் கழுவிய கை போதும். நேரம்தான் தவறக் கூடாது.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 12 அல்லது 14 எண் (குழாயின் தடிமன் அளவு) நெலட்டான் கதீட்டர், அதாவது பலூன் இல்லாத நேர்க்குழாய். உள்ளேயே தங்கவைப்பதற்காகப் பலூன் வைத்த ஃபோலி கதீட்டர் இதற்கு ஆகாது. கூடவே வழுக்கலும் மரப்பும் தரும் லிக்னோகெய்ன் ஜெல்லி, அளவுக்கோடு போட்ட குடுவை. முதல் சில முறை செவிலியர் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆண்கள் குறியை வயிற்றுப் பக்கம் நிமிர்த்தி, லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பாதையின் வளைவு நேராகும். ஜெல்லியில் கஞ்சத்தனம் வேண்டாம். 15 செ.மீ. தாண்டியதும் சிறுநீர்ப் பாதையை மூடிவைக்கும் சுருக்குத்தசை தடுக்கும். அங்கே குத்தாதீர்கள். கதீட்டரை அப்படியே பிடித்துக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள். தசை தளர்ந்ததும் தானே போகும். முட்டித் தள்ளினால் பாதையின் சுவர் கிழிந்து பொய்ப்பாதை விழும், அப்புறம் ஒவ்வொரு முறையும் நுனி அந்தக் குழியிலேயே போய் மாட்டும். சிறுநீர் வந்ததும் இன்னும் 2–3 செ.மீ. உள்ளே விடுங்கள். நின்றபின் மெல்ல வெளியே எடுக்கும்போது மறுபடி சொட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அடியில் தங்கியதும் வந்துவிடும். கடைசியில் முன்தோலை மறக்காமல் பழைய இடத்துக்கு இழுத்துவிடுங்கள். விட்டால் வீங்கி இறுக்கும். உணர்ச்சி இல்லாதவருக்கு வலிகூடக் காட்டிக்கொடுக்காது.

பெண்களுக்குப் பாதை 4 செ.மீ. அளவுதான், துவாரத்தைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். கண்ணாடி உதவும். தவறிப் பிறப்புறுப்புக்குள் போய்விட்டால் அதை எடுக்காமல் அடையாளத்துக்கு விட்டுவிட்டு, புதுக் கதீட்டரை அதற்கு மேலே உள்ள துவாரத்தில் விடுங்கள்.

ஒரு நாளைக்கு 4 முதல் 6 முறை எடுக்க வேண்டும். மூன்று நாள் குடித்ததையும் எடுத்ததையும் எழுதிப் பாருங்கள். ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். தண்ணீரைக் குறைப்பது குறுக்குவழி, கல்லில் போய் முடியும். பகலெல்லாம் சக்கர நாற்காலியில் இருந்தால் காலில் நீர் கோக்கும். படுத்ததும் அது ரத்தத்தில் சேர்ந்து இரவுச் சிறுநீராகும். அதனால் மாலையில் கால்களைத் தூக்கி வைத்திருந்து, படுக்கும் முன் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

காயம் ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால், திடீர்த் தலைவலியும் முக வியர்வையும் எச்சரிக்கை. பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பை தூண்டி ரத்த அழுத்தம் எகிறுகிறது. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்திச் சிறுநீரை எடுங்கள். அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டாம். இந்த முறையில் கிருமி இருப்பது சகஜம். காய்ச்சல், குளிர், வழக்கத்தைவிடக் கூடுதல் தசை இறுக்கம், ரத்தம் தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.