சேலம் ஜங்ஷனில் நின்று ரயில் பெட்டியின் வயதைப் படிப்பது எப்படி

ஏற்காடு எக்ஸ்பிரஸிலேயே தொடங்கலாம், நம்ம மலையின் பெயரைச் சுமக்கிற வண்டி ஆச்சே. சென்னை சென்ட்ரலுக்கும் ஈரோட்டுக்கும் இடையே இரவில் ஓடுகிறது, வண்டி எண் 22649, 22650. எண் 22 என்று தொடங்கினால் சூப்பர்ஃபாஸ்ட், அடுத்து வரும் 6 தெற்கு ரயில்வே. ஐந்து இலக்க எண் வந்தது 2010 டிசம்பரில்தான், அதற்கு முன் நாலு இலக்கம்.

சரி, சூரமங்கலத்தில் இருக்கும் ஜங்ஷனுக்குப் போய் பிளாட்ஃபார டிக்கெட் எடுங்கள், இரண்டு மணி நேரம் செல்லும். வண்டி நின்றதும் நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், பழைய பெட்டிக்கும் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். இரண்டு பெட்டி சேரும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வட்டத் தட்டு மாதிரி பஃபர் முட்டிக்கொண்டு நின்றால் அது ஐ.சி.எஃப். பெட்டி. பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலையின் சுவிட்சர்லாந்து வடிவமைப்பு, 2018 ஜனவரியோடு அந்த வகையைக் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பஃபரே இல்லாமல் நடுவில் ஒரே கொக்கி கைகோத்த மாதிரி பிடித்திருந்தால் எல்.எச்.பி. ஜெர்மனியிலிருந்து வந்த வடிவமைப்பு, துருப்பிடிக்காத எஃகு உடம்பு. விபத்தில் ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறாமல் தடுப்பது அந்தக் கொக்கிதான், அதற்காகவே எனக்கு இந்தப் பெட்டி மேல் தனி மரியாதை. ஆனால் கிளம்பும்போது சில சமயம் வெடுக்கென்று ஒரு இழுப்பு வரும், தூக்கத்திலேயே தெரியும்.

வீட்டில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. உங்கள் ஸ்லீப்பர் டிக்கெட்டில் படுக்கை எண் 72-ஐத் தாண்டினால் எல்.எச்.பி. என்று எடுத்துக்கொள்ளலாம், அதில் எட்டுப் படுக்கை கொண்ட ஒரு தடுப்பு கூடுதல், மொத்தம் 80 படுக்கை.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெட்டி எண். பக்கவாட்டில் பெயின்டில் எழுதியிருக்கும், எஸ்-4, பி-1 என்று தொங்கும் பலகை அல்ல. முதல் இரண்டு இலக்கம் கட்டிய வருஷம். ஐ.சி.எஃப். பெட்டியில் 04237 என்று இருந்தால் 2004-இல் பிறந்தது, 237 என்பது ஸ்லீப்பர் வகைக்கு ஒதுக்கிய எண்களில் ஒன்று. எங்கெங்கே எத்தனை பேரைத் தூங்கவைத்த பெட்டியோ என்று ஒரு நிமிஷம் அதன் முன்னால் நிற்கத் தோன்றும். ராயபுரத்தில் 1856-இல் முதல் வண்டி கிளம்பி, சில வருஷத்திலேயே நம்ம ஊர் வழியாக மேற்குக் கடற்கரை வரை தண்டவாளம் போய்விட்டது, இந்தப் பெட்டியும் அதே வழியில்தான் உருளுகிறது.

அப்புறம் இன்ஜினைப் பாருங்கள், எந்த ஷெட்டை, அதாவது இன்ஜினைப் பராமரிக்கும் பணிமனையைச் சேர்ந்தது என்று உடம்பிலேயே எழுதியிருக்கும்.

வண்டி நகர்ந்ததும் திரும்பிவிடாதீர்கள். கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி போட்டிருக்கும். நிலைய ஊழியர்கள் அதைக் கண்ணால் பார்த்து, நடுவழியில் ஒரு பெட்டியும் கழன்று நின்றுவிடவில்லை என்று உறுதி செய்வார்கள்.