கொடுத்த எழுத்தெல்லாம் இருக்கும் நீளமான ஆங்கிலச் சொல்லைப் பிடிப்பது எப்படி?

ஜி, ஹெச், எல், ஒய். இந்த நாலு எழுத்தும் எங்கேயாவது இருக்க வேண்டும், சொல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் 'ஹைலி' என்று ஆறு எழுத்தில் நின்றுவிடுவோம். தெரிந்த சொற்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்து, இதில் ஜி இருக்கிறதா, ஹெச் இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் நாம் செய்கிற தப்பு. சொல்லைத் தேடாதீர்கள், வாலிலிருந்து கட்டுங்கள்.

ஒய், எல் இரண்டையும் பார்த்ததுமே 'லி' என்ற வால் ஞாபகம் வர வேண்டும். அது அந்த இரண்டையும் விழுங்கிவிடும். மிச்சம் ஜி, ஹெச். இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற வேர்ச்சொல் 'கிராஃப்'. ஒட்டினால் 'கிராஃபிக்கலி', அதற்குள்ளேயே 11 எழுத்து வந்தாச்சு. இனி முன்னால் எதை மாட்டலாம் என்பது மட்டும்தான் வேலை: ஜியாக்ரஃபிக்கலி 14, ஃபோட்டோகிராஃபிக்கலி 16, ஆட்டோபயாகிராஃபிக்கலி 18, சினிமட்டோகிராஃபிக்கலி 19, கிறிஸ்டலோகிராஃபிக்கலி 20. மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனையின் பெயரை முன்னால் வைத்தால் எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்கலி, 27. ஆறிலிருந்து 27க்கு வந்தது ஞாபகசக்தியால் இல்லை.

அதனால் நாலைந்து வால்களை எழுத்து எண்ணிக்கையோடு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எஃப் இருந்தால் 'இஃபிகேஷன்', ஒன்பது எழுத்து. ஜே, எஃப் கேட்டால் ஜஸ்டிஃபிகேஷன் 13, ஆப்ஜெக்டிஃபிகேஷன் 15. க்யூ, எஃப் என்றால் டிஸ்குவாலிஃபிகேஷன் 16. இசட் இருந்தால் 'ஐசேஷன்', ஏழு எழுத்து: எக்ஸ், இசட் இரண்டும் வேண்டுமென்றால் மேக்ஸிமைசேஷன் 12, எக்ஸ்டர்னலைசேஷன் 15. ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிரிட்டனில் பலர் இந்த வாலை இசட் இல்லாமல் எஸ் போட்டு எழுதுவார்கள், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோ இசட் பக்கம் நிற்கும். எந்த அகராதிப்படி விடையைச் சரிபார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போதும் அரிதான எழுத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஈ, ஏ, ஐ, என், ஓ இதெல்லாம் நீளமான சொல்லில் தானாக வந்து உட்கார்ந்துவிடும், அவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம். க்யூவுக்குப் பின்னால் யு வரும் என்று வைத்துக்கொள்ளலாம், விதிவிலக்கு மிகக் குறைவு. கே, டபிள்யு வந்தால்தான் கொஞ்சம் எரிச்சல், ஏனென்றால் இவை கிரேக்க, லத்தீன் வேர்களில் அதிகம் வராது, நீளமான வால்களோ பெரும்பாலும் அந்த வேர்களோடு ஒட்டுபவை. அங்கே 'நெஸ்', 'மென்ட்' மாதிரி வால்களுக்குப் போங்கள்: அக்நாலெட்ஜ்மென்ட்ஸ் அமெரிக்க எழுத்துமுறையில் 15, பிரிட்டிஷ் முறையில் ஒரு ஈ கூடி 16. நாலெட்ஜபிள்நெஸ் 17.

சரி, போட்டி இல்லை, விடை மட்டும் போதும் என்றால் கணினியிடம் கொடுத்துவிடலாம். அதற்கு முதலில் ஒரு சொற்பட்டியல் வேண்டும், இதில்தான் நான் ஏமாந்தேன். எழுத்துகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் விளையாட்டின் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டு, 15 எழுத்துக்கு மேல் ஏன் ஒன்றுமே வரவில்லை என்று வெகுநேரம் சூத்திரத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பலகையே 15க்கு 15 கட்டம்தான், 16 எழுத்துச் சொல்லை வைக்கவே இடமில்லை, அதனால் பட்டியலிலும் இருக்காது! அகராதி வெளியிடும் காலின்ஸின் 2019 ஸ்க்ராபிள் பட்டியலில் 2,79,496 சொற்கள் இருந்தும் இதே கதைதான். நீளத்துக்கு எனேபிள் என்ற ஆங்கிலச் சொற்பட்டியல் நல்லது, இலவசம், 1,72,000 சொற்களுக்குச் சற்று அதிகம். மேக் கணினியில் ஏற்கெனவே ஒரு சொற்கோப்பு இருக்கும், ஆனால் அது 1934இல் வந்த வெப்ஸ்டர் அகராதியிலிருந்து எடுத்தது, புதிய சொற்களை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

பட்டியலை எக்செல்லில் ஒரு பத்தியில் ஒட்டுங்கள். பக்கத்துப் பத்தியில், ஒவ்வொரு எழுத்துக்கும் அது சொல்லில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சர்ச் ஃபங்ஷன் ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் கூட்டல் குறியால் இணையுங்கள். ஒரே ஒரு எழுத்து இல்லாவிட்டாலும் அந்த வரியில் பிழை காட்டும், எண் வந்த வரிகள் மட்டும் உங்கள் விடைகள். (எண்ணின் மதிப்பு என்ன என்பது முக்கியமில்லை.) அப்புறம் லென் ஃபங்ஷனால் நீளத்தை எடுத்து இறங்குவரிசையில் அடுக்கினால் முடிந்தது. ஒரே எழுத்து இரண்டு முறை வேண்டுமென்றால் இது போதாது, சப்ஸ்டிட்யூட் ஃபங்ஷனால் அந்த எழுத்தை அழித்துவிட்டு நீளம் எத்தனை குறைந்தது என்று பார்க்க வேண்டும். சப்ஸ்டிட்யூட் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும், சர்ச் பார்க்காது, ஆகவே பட்டியல் முழுவதையும் முதலிலேயே சின்ன எழுத்தாக மாற்றிவிடுங்கள்.

கமாண்ட் லைன் பழக்கம் உள்ளவர்களுக்கு எழுத்துக்கு ஒரு கிரெப் (கேட்டது இருக்கும் வரிகளை மட்டும் வடிகட்டித் தரும் கட்டளை) என்று வரிசையாகக் கோத்துவிட்டால் போதும். பைதான் நிரல்மொழியில் கேட்ட எழுத்துகளின் செட் (ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும் தொகுப்பு), சொல்லின் செட்டுக்குள் அடங்குகிறதா என்ற ஒரே கேள்விதான்.

கேட்ட எழுத்துகள் கொடுத்த வரிசையிலேயே வர வேண்டும் என்பதோ, அவற்றைத் தவிர வேறு எழுத்தே கூடாது என்பதோ முற்றிலும் வேறு விளையாட்டுகள். அங்கே இந்த வால் உத்தி பாதி நேரம் கைவிட்டுவிடும். அப்புறம், 45 எழுத்து நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிக்கோவால்கனோகோனியோசிஸை எந்தக் கேள்விக்கும் நீட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 1935 வாக்கில் புதிர் ஆர்வலர் ஒருவர் நீளத்துக்காகவே கட்டிய சொல் அது, அவ்வளவு நீளம் இருந்தும் நாம் முதலில் கேட்ட ஜியும் ஹெச்சும் ஒய்யும் அதில் இல்லை.