பழைய இரும்பில் கலை, ஊருக்கு நிதி: எங்கெல்லாம் சறுக்குகிறது?

பழைய பொருள்களில் செய்த சிற்பம், ஓவியம், பொம்மைகளைக் காட்சிக்கு வைத்து விற்று, அந்தப் பணத்தில் ஊர்ப்பள்ளிக்கோ குளத்துக்கோ ஏதாவது செய்யலாம் என்ற யோசனை நல்ல யோசனை. கொங்குப் பக்கம் அதற்கு மூலப்பொருள் பஞ்சமே கிடையாது. கோவையில் லேத் பட்டறைச் சுருள், திருப்பூரில் பனியன் துணி கட்டிங் வேஸ்ட், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளின் தகரத் துண்டு, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி, லாரி உதிரிகள், விசைத்தறி ஊர்களில் காலி நூல் கோன். இத்தனை இருந்தும் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் பந்தல்காரருக்கும் மைக்செட்காரருக்கும் கொடுத்தது போகக் கையில் ஒன்றும் மிஞ்சாமல் முடிவது உண்டு. பொருள் சும்மா வந்தது, அதனால் வேலையும் சும்மா என்று நடத்துபவர்கள் நினைத்துவிடுவதுதான் அதற்கு முதல் காரணம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

“உங்களுக்கு வேஸ்ட்தானே” என்று கேட்பது

பொருள் சும்மா வரும் என்பதே முதலில் சரியில்லை. பனியன் கம்பெனியில் விழும் கட்டிங் வேஸ்ட் குப்பைக்குப் போவதில்லை. வெள்ளை தனி, கலர் தனி, பாலியஸ்டர் கலந்தது தனி என்று பிரித்து, கிலோ கணக்கில் எடுக்க ஆள் வருகிறார்கள். பருத்தித் துண்டுகளைக் கிழித்துப் பஞ்சாக்கி, கழிவுப் பஞ்சில் நூல் நூற்கும் ஓ.இ. மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். மெஷின் துடைக்கும் துணியாகவும் ஒரு பங்கு போகிறது. லேத் சுருளும் பழைய வார்ப்பு இரும்பும் திரும்ப உலைக்குப் போகும். இங்கே தொழில் செய்பவர் ஒவ்வொருவருக்கும் தன் கழிவின் இன்றைய விலை தெரியும். அவரிடம் போய் “வேஸ்ட்தானே, கொடுங்க” என்றால் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

எத்தனை கிலோ, எந்த நிறம், எதற்கு என்று எழுதி எடுத்துப் போய் முதலாளியிடமே கேளுங்கள். கொடுத்ததற்கு ஒரு ரசீதும், காட்சியில் அந்தச் சிற்பத்தின் பக்கத்தில் அவர் பெயரும் இருக்கட்டும். பொருளாகக் கொடுத்ததையும் நன்கொடைக் கணக்கில் எழுதுங்கள்.

பெட் பாட்டில் விஷயம் இன்னும் வேடிக்கை. காலி பாட்டிலைச் சுத்தமாகக் கொடுத்தால் நொறுக்கி, உருக்கி, பாலியஸ்டர் இழையாக்கிவிடுகிறார்கள். அதே பாட்டிலை வெட்டி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, ஜிகினா தூவி, பசைத் துப்பாக்கியால் ஒட்டிப் பூங்கொத்து செய்தால் பிறகு எந்தப் பழைய பொருள் கடைக்காரரும் தொடமாட்டார். மறுசுழற்சிக்குப் போக வேண்டியதை வழிமறித்துக் குப்பையாக்கினோம் என்றுதான் அதற்கு அர்த்தம். பள்ளிப் பிள்ளைகளிடம் “ஆளுக்குப் பத்துப் பாட்டில் கொண்டு வாங்க” என்று சொன்னால், கடையில் புதுசாக வாங்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொண்டு வருவார்கள். ஸ்டேஷனரி கடையில் கட்டுக் கட்டாக விற்கும் புது ஐஸ் குச்சியில் ‘கழிவுக் கலை’ செய்வதும் இந்த ரகம்தான். வேறு யாரும் வாங்காத பொருளை எடுங்கள். இல்லையென்றால் பல வருஷம் வீட்டில் நிற்கிற மாதிரி வேலை செய்யுங்கள்.

கலைஞருக்குச் சான்றிதழ், ஜமாப்புக்கு அட்வான்ஸ்

நிகழ்ச்சி என்றால் ஜமாப் மேளம் அடிக்கும் குழுவுக்கு முன்பணம் போகிறது, வள்ளி கும்மி ஆசிரியருக்கு மரியாதை செய்கிறார்கள், பந்தலுக்குப் பேரம் பேசிப் பணம் தருகிறார்கள். சிற்பம் செய்தவருக்கு மட்டும் “நோட்டீஸ்ல உங்க பேரப் போட்டுர்றோமுங்க, உங்களுக்கும் ஒரு விளம்பரம்தானுங்களே.” எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுகிறது. அவர் ஒரு முறை வருவார், அடுத்த வருஷம் போனை எடுக்கமாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பைக் செயினில் செய்த காங்கயம் காளை. உள்ளே பைப்பில் கூடு கட்டி, அதன்மேல் செயினை வளைத்து வளைத்து வெல்டு வைக்க வேண்டும். திமிலுக்குப் பழைய கிளட்ச் பிளேட்டுகளை அடுக்கலாம், கண்ணுக்குப் பால்ரஸ் குண்டு. திமில் அமைகிற வரை பிரித்துப் பிரித்து வைப்பதிலேயே அரை நாள் போய்விடும், ஏனென்றால் பார்க்க வருகிற விவசாயி “இது காங்கயம் இல்லீங்க” என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். இரும்பு 40 கிலோ, கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் 1,600. கலைஞருக்கு நாளுக்கு 1,200, உதவியாளுக்கு 800 என்று 5 நாள் கூலி 10,000. வெல்டிங் ராடு, கட்டிங் வீல், பிரைமர் எல்லாம் சேர்ந்து 1,500. டாட்டா ஏஸ் வாடகை 900. மொத்தம் 14,000. எண்கள் கணக்குக்காகப் போட்டவைதான், உங்கள் ஊர்க் கூலிப்படி மாற்றிக்கொள்ளுங்கள். இரும்பின் பங்கு அதில் எட்டில் ஒன்றுகூட வரவில்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். “ஏனுங்க, பழைய இரும்புதானுங்களே, இதுக்கா இந்த விலை?” என்று கேட்கிறவருக்கு இந்தக் கணக்கையே ஒரு அட்டையில் எழுதிச் சிற்பத்தின் பக்கத்தில் வைத்துவிடலாம். கூலிக் கணக்கு இந்தப் பக்கம் எல்லோருக்கும் புரியும்.

இந்தக் காளை 20,000-க்குப் போனால் 14,000 கூலிக்கும் செலவுக்கும். மிச்சம் 6,000-த்தைக் கலைஞரும் ஊர் நிதியும் பாதிப் பாதியாகப் பிரித்தால் நிதிக்கு 3,000. இவ்வளவுதானா என்று தோன்றும். அதனால்தான் அந்த 14,000-த்தை முன்கூட்டியே ஒரு ஆலையோ பட்டறையோ ஏற்றுக்கொள்ளும்படி பேச வேண்டும். அப்படி ஏற்றுக்கொண்டால் விற்ற 20,000-மும் நிதிக்கே போகும், கலைஞர் கூலியும் நிற்காது. பங்கு எதுவானாலும், வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

யார் உள்ளூர்க் கலைஞர் என்பதிலும் சறுக்கல் உண்டு. ஓவியக் கல்லூரியில் படித்தவர்களை மட்டும் தேடுகிறார்கள். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை போன சுவர் விளம்பர ஓவியர், நாமக்கல்லில் லாரிக்கு எழுதுகிறவர், கரூரில் பஸ்ஸுக்குப் பூ போடுகிறவர், கோயிலுக்கு மண் குதிரை செய்யும் குயவர் இவர்களெல்லாம் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள். தகரமும் பெயின்ட்டும் எப்படி ஒட்டும், வெயிலில் எந்த நிறம் வெளுக்கும் என்பதை இவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஏலத்துக்கு வருவோம். ஈரோட்டில் மஞ்சள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கொப்பரை என்று ஏலம் பார்த்துப் பழகிய கூட்டம் இது. கோயில் எலுமிச்சம்பழத்தைக் கவுரவத்துக்காக ஆயிரக்கணக்கில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் “சும்மா சூடு பிடிக்கட்டும்” என்று 500-இல் ஆரம்பித்தால், 3,500-இல் நின்றுபோய்விடும். செய்தவர் எதிரிலேயே நிற்பார். அடக்க விலைக்குக் கீழே போகாது என்று முன்பே அறிவித்துவிட்டுத் தொடங்குங்கள். கிடைத்த ஆளிடம் மைக்கைக் கொடுத்துவிடாமல், ஊரில் கோயில் ஏலம் விட்டுப் பழகியவரைக் கூப்பிடுங்கள். கேட்பவரைப் பெயர் சொல்லி இழுத்து விலை ஏற்ற அவருக்குத் தெரியும்.

எல்லாமே பெரிய சிற்பமாக இருந்தாலும் விற்காது. வேடிக்கை பார்க்க வருகிறவர் கையில் 100, 200 ரூபாய்தான் இருக்கும். நூல் கோன் விளக்கு, பனியன் துணிப் பை, கால் மிதியடி என்று அந்த விலைக்கும் ஒரு மேஜை வையுங்கள்.

அப்புறம் சிறப்பு விருந்தினர். காட்சியிலேயே நல்ல சிற்பத்தை எடுத்துப் பொன்னாடையோடு சேர்த்து அவர் கையில் நினைவுப் பரிசாகக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும் வசதி உள்ளவர் அவர்தான், அவருக்குத்தான் இலவசம்! அவரை முதல் ஏலத்தைக் கேட்க வையுங்கள்.

கண்டதையும் சேர்ப்பது

பழைய டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. டியூப்லைட்டில் பாதரசம். இவற்றை உடைத்து மொசைக் ஒட்டுவது அழகாகத்தான் இருக்கும், ஆனால் வேண்டாம். பழைய பேட்டரி, பூச்சிமருந்து டப்பா, சாயப்பட்டறை கெமிக்கல் டிரம் இவையும் கூடாது. டிரம்மைக் கழுவிவிட்டோம் என்பார்கள். எதை வைத்துக் கழுவினார்கள், கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று கேளுங்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டைப் பார்த்து 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகரத்தை அப்படியே வெல்டு வைத்தால் வரும் புகை, சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலுமாகத் தெரியும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்ய வேண்டும். லேத் சுருள் பிளேடு மாதிரி அறுக்கும், அது குழந்தைகள் பயிற்சி மேஜைக்கு வரவே கூடாது. பிள்ளைகளுக்குத் துணி, கோன், அட்டை போதும்.

டயரில் செய்த கிளி, பூந்தொட்டி எல்லாம் எல்லோருக்கும் பிடிக்கும். ஒரு மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்கும், டெங்கு கொசு முட்டையிட அதுவே தோதான இடம். அடியில் நாலைந்து ஓட்டை போடாமல் டயர் சிற்பத்தை யாருக்கும் விற்காதீர்கள்.

குலுக்கல், வரி, கியூஆர்

“100 ரூபாய் கூப்பன், குலுக்கலில் காளை சிற்பம்” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003 தொடக்கத்திலிருந்து தடை. காசுக்குக் கூப்பன் விற்றுக் குலுக்கிப் பரிசு தருவது நல்ல காரியத்துக்கே ஆனாலும் அந்தச் சிக்கலுக்குள் போய் நிற்கும். ஏலமும் நேரடி விற்பனையும் போதும்.

“வாங்குங்க, 80ஜி கிடைக்கும்” என்று, நன்கொடைக்கான வருமான வரிச் சலுகையைச் சொல்வது இன்னொன்று. சிற்பத்துக்குக் கொடுத்தது விலை, அதை நன்கொடையாகக் காட்ட முடியாது. தனியாக நன்கொடை தருகிறவருக்கும், வாங்கும் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருந்தால்தான் சலுகை. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடையாது.

கியூஆர் அட்டை யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிறகு கேள்வி வரும்போது அவர்தான் மாட்டுவார். பதிவான சங்கமோ அறக்கட்டளையோ கூட நிற்கட்டும். ‘ஊர் நலப்பணிக்கு’ என்று பொதுவாகப் போட்டாலும் யாருக்கும் கை வராது. எந்தப் பள்ளி, எத்தனை பெஞ்ச், எவ்வளவு ரூபாய் என்று போடுங்கள். குளம் தூர்வாருவது என்றால் அனுமதி கையில் வந்த பிறகே வசூலைத் தொடங்குங்கள்.

தேதி, காற்று, ஃப்ளெக்ஸ்

முகூர்த்த ஞாயிறில் வைத்தால் ஊரே கல்யாண மண்டபத்தில் இருக்கும். திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை சம்பளம், அதனால் ஞாயிறுதான் சரி. முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்க்க வேண்டும். ஆடியில் மண்டபம் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் திறந்த மைதானம் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, அட்டைச் சிற்பம் பல்லடம் தாண்டிப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

கழிவுக் கலை விழாவுக்கு நாற்பது அடி ஃப்ளெக்ஸும் தெர்மாகோல் எழுத்தும் வைப்பதைப் பற்றி என்ன சொல்வது! சுவர் ஓவியரிடம் காடாத் துணி கொடுத்து எழுதச் சொல்லுங்கள், அதையும் கடைசியில் ஏலம் விடலாம். பிளாஸ்டிக் கப், பிளாஸ்டிக் பூசிய தட்டு எல்லாம் 2019 ஜனவரி முதல் தடை செய்த பட்டியலில் இருப்பவை. மைக் அனுமதியை முன்பே வாங்குங்கள், ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

முடிந்த மறுநாள்

மறுநாள் காலை பந்தல் பிரிக்க ஆள் வந்துவிடுவார்கள். விற்காத சிற்பங்கள் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. அவை பள்ளி ஷெட்டில் கிடந்து துருப்பிடித்து, ஒரு நாள் பழைய இரும்புக் கடைக்கே திரும்பப் போய்விடும். எத்தனை நாளில் கலைஞரிடம் திருப்பித் தரப்படும் என்பதையும் அந்த ஒப்பந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஏலத்தில் சொன்ன விலையைத் தராமல் இழுப்பவர்களும் இருப்பார்கள், பணம் வந்த பிறகே பொருளை வண்டியில் ஏற்றுங்கள். வரவு செலவை ஒரே பக்கத்தில், கலைஞர்களுக்குக் கொடுத்த தொகை உட்பட, பள்ளி அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வாரமே போட்டுவிடுங்கள். விற்காததை ஏற்றிப் போகும் வேன் வாடகையை முதல் நாள் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள், கடைசியில் அது கலைஞர் தலையில்தான் விழுகிறது.