சினிமாவில் மதக் காழ்ப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரே படத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே வகைப் படங்களில் பத்தையாவது எடுங்கள். தாளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நான்கு கட்டம்: பெயர், மதம், தொழில், கடைசியில் என்ன ஆகிறார். பழைய தமிழ்ப் படங்களின் அடியாள் பீட்டர்களும் கிளப் டான்ஸ் ரீட்டாக்களும் இதிலேயே சிக்கிவிடுவார்கள்.

வசனத்தைவிட எடிட்டிங்தான் அதிகம் வேலை செய்யும். எனவே இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, தொழுகைக் காட்சிக்கு முன்னும் பின்னும் வரும் ஷாட்டுகளைக் குறியுங்கள். 1992இல் வந்த 'ரோஜா'வில் நாயகன் எரியும் தேசியக்கொடி மேல் விழுந்து அணைப்பதும், தீவிரவாதி தொழுவதும் மாறி மாறி வரும். யாரும் தொழுகையைப் பழிப்பதில்லை. ஆனாலும் பக்தியும் தேசவிரோதமும் மனதில் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள்: பாங்கு ஒலித்ததும் பின்னணி இசை திகிலாகிறதா?

பலர் சறுக்குவது 'நல்ல பாய்' பாத்திரத்தில். அவர் இருப்பதாலேயே படம் நடுநிலையானது என்று எழுதிவிடுகிறார்கள். கடன், காதல், பிள்ளைகளின் படிப்பு என்று அவருக்கு ஏதாவது உண்டா, இல்லை தேசபக்தியை நிரூபிக்க மட்டும்தான் வருகிறாரா? நிரூபிக்க மட்டும்தான் என்றால் அவரும் முஸ்லிமின் தேசபக்தி மீதான அதே சந்தேகத்தில் பிறந்தவர்தான். வில்லன் முஸ்லிம் என்பது மட்டுமே காழ்ப்பாகாது. இந்து வில்லனின் குற்றத்துக்கும் மதம்தான் காரணமாகக் காட்டப்படுகிறதா என்று ஒப்பிட்டபின் எழுதுங்கள்.